நடத்தாத பாடத்துக்குத் தண்டனை

2007-ஆம் ஆண்டு நம் நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசித் தயாரித்த அறிக்கை வெளியானது. ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானோம் என்று சொன்ன பிள்ளைகள் 53 சதவீதத்துக்கும் மேல். சீண்டியவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், வீட்டார் நம்பி விட்டிருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதே ஆண்டில்தான் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகா எனப் பல மாநிலங்கள் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி கூடாது என்று தடை போட்டன.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். பதினெட்டு நிரம்பாத பெண்பிள்ளை கர்ப்பமாக என் முன்னால் வந்து உட்காரும்போதெல்லாம் அந்தத் தடைகளின் நினைப்புதான் எனக்கு வருகிறது. அன்றைக்குச் சட்டமன்றங்களில் நடந்த சண்டையின் பலனை இன்றைக்கு யார் சுமக்கிறார்கள் என்பதை நாங்கள் புறநோயாளிப் பிரிவில் நேரில் பார்க்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

2005-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த திட்டம்தான் அந்த வளரிளம் பருவக் கல்வி. ஹெச்ஐவி பரவலைத் தடுப்பதுதான் முதல் நோக்கம். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல் மாற்றம், நோய்த்தொற்று, நட்பு, வற்புறுத்தலுக்கு மறுப்புச் சொல்வது இவற்றையெல்லாம் ஆண்டுக்குச் சில மணி நேரம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு என்று அச்சான கையேட்டில், விளக்கப் படங்களில் ஆண், பெண் உடல் வரையப்பட்டிருந்தது. அந்தப் படங்களை வைத்துத்தான் புயல் கிளம்பியது. ஒரு கட்சியின் வேலை இது என்று நினைத்துவிடாதீர்கள். மகாராஷ்டிராவில் அப்போது காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் பாரதிய ஜனதா. மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரே குரலில் பேசினார்கள். யோகாவும் பண்பாடும் போதும் என்றார்கள்.

2009-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, வெங்கையா நாயுடு தலைமையில், அறிக்கை கொடுத்தது. பாலியல் கல்விக்கு நம் சமூகத்தில் இடமே இல்லை, உடல் வளர்ச்சி பற்றியும் ஹெச்ஐவி பற்றியும் சொல்வதானால் மேல்நிலை உயிரியலில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். மேல்நிலையில் எத்தனை பேர் உயிரியல் எடுக்கிறார்கள்? பத்தாம் வகுப்போடு நிற்கிற பெண்ணுக்கு என்ன வழி? எனக்குப் பதில் கிடைக்காத கேள்விகள் இவை.

அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் இதைச் சொல்கிறேன். ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். "மூணு மாசமா தலைக்குத் தண்ணி ஊத்தலை டாக்டரம்மா, வயிறு வேற உப்பிக்கிட்டே இருக்கு. ரத்தம் கம்மியா இருக்கும், ஊசி ஏதாச்சும் போட்டு விடுங்க." பிள்ளைக்குப் பதினாறு வயது. வயிற்றில் கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேனில் ஐந்து மாதம் தாண்டியிருந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, பிள்ளையிடம் மெதுவாகப் பேசினேன். அவள் அழவில்லை. "ஒரு தடவைதானே டாக்டர், அதுல எப்படி ஆகும்?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல் கேட்ட கேள்வி. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் இருக்கிறதே, படிக்கவில்லையா என்றேன். "அதை நீங்களே படிச்சுக்கோங்கன்னு மிஸ் சொல்லிட்டாங்க. நாங்க படம் மட்டும் வரைஞ்சோம்."

நர்ஸிடமும் கேட்டுப்பார்த்தேன். அவர் படித்த பள்ளியிலும் அப்படித்தானாம். நான் படித்ததும் அப்படித்தான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவரின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே கிடையாது. விஷயம் தெரிந்தும் புகார் சொல்லாமல் இருந்தால் மருத்துவருக்கே ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பிள்ளை கர்ப்பமானால் குற்றம் இன்னும் கடுமையான பிரிவுக்குப் போகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பதினேழு வயதுப் பெண்ணைக் காதலித்து அவள் கர்ப்பமானால் அவன் எதிர்கொள்வது இதைத்தான். பையனும் பதினெட்டுக்குக் கீழே என்றால் கூர்நோக்கு இல்லம்.

இந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியப்பாவிடமும் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமும் சிக்கிச் சீரழிந்த பிள்ளைகளைப் பரிசோதித்தவள் நான். ஆனால் இந்தச் சட்டத்தை எந்த வகுப்பறையில், எந்த வயதில், யார் பிள்ளைகளுக்குச் சொன்னோம்? இதைப் பரவலாகத் தெரியப்படுத்துவது மத்திய, மாநில அரசுகளின் கடமை என்று சட்டத்தின் 43-ஆவது பிரிவே சொல்கிறது. கைதான பிறகுதான் பல பையன்களுக்குச் சட்டத்தின் பெயரே காதில் விழுகிறது.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கில், இளவயதுக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்காது என்று வருந்திச் சொன்னது. இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் போலீஸிடம் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து போலி வைத்தியரிடம் போய், கருப்பையில் புண்ணோடும் கடும் காய்ச்சலோடும் எங்களிடம் தூக்கி வரப்படுகிற பிள்ளைகளுக்கு இது உயிர் காக்கும் தீர்ப்பு. இதைப் படிக்கிற தாய்மார்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் பதிவு பெற்ற மகப்பேறு மருத்துவரிடம் வருகிறீர்களோ அவ்வளவு பாதுகாப்பு.

ஆனால் இத்தனையும் நடந்து முடிந்ததற்குப் பிறகு செய்யும் வேலை. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள், கர்ப்பமாக இருந்தவர்கள் 6.3 சதவீதம். 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள் 12.8 சதவீதம். கல்வியில் முன்னணியில் இருக்கும் மாநிலம் என்று நாம் பெருமைப்படுகிற இடத்தில்தான் இந்த நிலை.

பள்ளிகளில் பேச என்னை அழைப்பார்கள். அரசுப் பள்ளி ஒன்றில் மேடை ஏறுவதற்கு முன் தலைமை ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, "மேடம், ரத்தசோகை, சுத்தம், சத்துணவு, இதோட நிறுத்திக்கலாம். அதுக்கு மேல போனா ஊருக்குள்ள பிரச்சினையாயிடும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரோ ஒரு மாணவி வீட்டில் போய் அரைகுறையாகச் சொல்ல, அதை ஒருவர் வாட்ஸ்அப்பில் போட, மறுநாள் கட்சிக்காரர்கள் பள்ளி வாசலில் வந்து நிற்க, கடைசியில் மெமோ வாங்கப்போவது அவர்தான். அந்தப் பள்ளி நூலகத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த, பூப்பெய்துதல் பற்றிய படப் புத்தகங்கள் சில இருந்தன. எல்லாம் தலைமை ஆசிரியை அறையில், இரும்பு பீரோவுக்குள், பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால். நூலகப் பதிவேட்டில் வரிசை எண் போட்டிருக்கிறார்கள். எடுத்துப் போனவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டு கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். "எனக்கு ஒரு பக்கம் மட்டும் பெருசா இருக்கு, கேன்சரா?" "அந்த நாள்ல ஊறுகாயைத் தொட்டா ஏன் கெட்டுப்போகுது?" "வெள்ளைப்படுறதால எலும்பு உருகிடும்னு ஆயா சொல்றாங்க, நிஜமா?" பெரும்பாலானவை இப்படித்தான். இதில் எந்தக் கேள்வி பண்பாட்டைக் கெடுக்கிறது? ஒரு சீட்டில் மட்டும் எழுத்தை மாற்றி, கட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "வீட்ல இருக்கிறவங்களே தொட்டா யார்கிட்ட சொல்லணும்?"

அந்தக் கேள்விக்கு மட்டும் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொன்னேன். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐயும் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். முதல் ஆள் நம்பவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் சொல், மூன்றாவது ஆளிடம் சொல், நம்புகிற ஆள் கிடைக்கும் வரை சொல்லிக்கொண்டே இரு என்றேன். அன்று மதியம் வரை அந்தப் பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை.

எதிர்ப்பவர்களின் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. 2005-இல் வந்த திட்டம் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவில்லை. பயிற்சியே இல்லாத ஆசிரியர் கையில் அந்தப் படங்களைக் கொடுத்தால் அவரும் கூசுவார், வகுப்பும் சிரிக்கும். வயதுக்குத் தகுந்த பாடம் எது என்று பெற்றோர் கேட்பது அவர்கள் உரிமை. இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். ஆனால் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமாக உடலுறவைத் தொடங்குவதில்லை என்று 2018 வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. செல்போனில் கண்டதையும் பார்க்கிற பையனுக்கு, அதில் வருவது உண்மையில்லை என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டாமா?

பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் பாடம் என்று வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சண்டை பள்ளி நூலகத்துக்குள்ளேயே நடக்கிறது. பள்ளி நிர்வாகக் குழுவுக்குக் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவிட முடியாது என்று 1982-இல் நியூயார்க் மாநிலத்து வழக்கொன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலர் எழுதினார்கள். மேரிலாந்தில் தன்பாலின, திருநர் பாத்திரங்கள் வரும் கதைப் புத்தகங்களை வகுப்பில் வாசித்தபோது, மத நம்பிக்கை காரணமாகத் தங்கள் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை வேண்டும் என்று 2025 ஜூனில் அதே நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் நின்றது. கதைப் புத்தகத்தைப் பற்றி அங்கே எப்படியும் வாதாடிக்கொள்ளட்டும். நம் ஊரில் பாதுகாப்புப் பாடத்துக்குக் கையெழுத்து கேட்டால் என்ன ஆகும்? கட்டை எழுத்தில் சீட்டு எழுதிய பிள்ளையின் வீட்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? யாருக்கு அந்தப் பாடம் உயிரோ, அவள்தான் முதலில் விடுபடுவாள். போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் என்றுதான் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியல்கள் காட்டுகின்றன.

நடத்திக் காட்டிய மாநிலமும் உண்டு. ஜார்க்கண்டில் 2006 வாக்கில் தொடங்கிய 'உடான்' என்ற வளரிளம் பருவக் கல்வித் திட்டம், சுற்றிலும் தடை விழுந்த காலத்திலும் அரசுப் பள்ளிகளில் தொடர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன குழந்தை ஆபாசப் பட வழக்கில், 2024 செப்டம்பர் 23 அன்று தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம் இந்தத் திட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லி, முழுமையான பாலியல் கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. உதவி எண்கள் பாடப்புத்தகத்திலேயே அச்சாகின்றன. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாக வருகிறது. ஆனால் அதைக் கொடுக்கும்போது பையன்களை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பெண்பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே அவர்கள் வளர்கிறார்கள். தங்கள் குரல் உடைவதையும், இரவில் உள்ளாடை நனைவதையும் நோய் என்று பயந்து லாட்ஜ் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டுபவர்களும் இந்தப் பையன்கள்தான். அவர்களுக்கும் பாடம் வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ கிராம செவிலியரையோ கூப்பிடுங்கள். பீரோவில் இருக்கிற புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, எல்லோரும் பார்க்கப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எந்தப் படம் எந்த வகுப்புக்கு என்று நீங்களே பேசி முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்தத் தீர்மானம் கையில் இருந்தால், வாசலில் யார் வந்து நின்றாலும் தலைமை ஆசிரியை தனியாக நிற்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடத்தை நடத்தினார்களா என்றும் அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். "நீங்களே படிச்சுக்கோங்க" என்று விட்டிருந்தால், ஆண், பெண் பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்து நடத்தச் சொல்லுங்கள். ஆசிரியருக்குக் கூச்சமாக இருந்தால் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், வருகிறோம்.