இடுப்புத் தளம் அல்ல, அடியிடுப்பு

"இடுப்புத் தளத்தை அழுத்தவும்." பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கான கைப்பேசிச் செயலிகளைத் தமிழாக்குகிறவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். மூன்று சொல்லில் இரண்டு தவறு, ஒன்று அரைகுறை.

பெல்விஸ் என்றால் லத்தீனில் வாயகன்ற கிண்ணம். இடுப்பெலும்புகள் கூடி அடி திறந்த கிண்ணமாக நிற்பதால் வந்த பெயர். அந்தத் திறப்பை மூடி, முன்னால் மறைவிட எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை விரிந்திருக்கும் தசைகளைத்தான் ஆங்கிலத்தில் பெல்விக் ஃப்ளோர் என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இவை. இவற்றுக்கான பயிற்சியைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதினார். கெகல் பயிற்சி என்ற பெயர் அவரால் வந்தது.

இனி தளம். காரைக்குடிப் பக்கம் கொத்தனாரிடம் "தளம் போட்டாச்சா?" என்று கேட்டால் தலைக்கு மேலே உள்ள கான்கிரீட்டைக் காட்டுவார். கீழே இருப்பதற்குத் தலைக்கு மேல் உள்ளதன் பெயரா? சரி, 'இடுப்புத் தரை' என்று திருத்துகிறவர்களும் உண்டு. தரை என்றதும் இங்கே நினைவுக்கு வருவது ஆத்தங்குடிக் கல்: கெட்டியாக, அசையாமல் கிடப்பது. இந்தத் தசைகளோ துணித்தூளி மாதிரி. மூச்சை உள்ளே இழுக்கையில் சற்றுத் தாழும், விடுகையில் ஏறும். அசைவதே வேலையாக உள்ள ஒன்றுக்கு அசையாததன் பெயரை வைத்துவிட்டு, அதை அசைக்கச் சொன்னால் எவளுக்குப் புரியும்? மொழிபெயர்ப்பு இயந்திரம் தந்த 'இடுப்பு மாடி' பற்றி நான் பேசப்போவதில்லை.

வெறும் இடுப்பு என்பதும் போதாது. இடுப்பு வலி என்றால் முதுகுக்குக் கீழே வலி. இடுப்பு வலி கண்டது என்றால் பிரசவம். இடுப்புப் பயிற்சி என்று சொன்னால் ஆச்சிமார் இடுப்பை வளைத்துத் திருப்புவார்கள். பயிற்சி வெளியே தெரியவே கூடாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தூய்மை பார்ப்பவர்கள் கூபகத் தசை என்கிறார்கள். கூபம் என்றால் கிணறு, அதுவும் வடமொழி. தூய்மையும் இல்லை, தெளிவும் இல்லை. இன்னொரு கூட்டம், யோகத்தில் வரும் பயிற்சியை நினைத்து, 'நம் மூலபந்தம்தானே இது' என்று பெருமைப்படுகிறது. இரண்டும் ஒரே இடம்தான், ஒரே பயிற்சி அல்ல. மூலபந்தத்தை மூச்சடக்கிச் செய்வது வழக்கம். இதில் மூச்சை அடக்கவே கூடாது. போதாக்குறைக்கு, மூலம் என்றால் ஊருக்கே தெரிந்த நோய் வேறு.

நல்ல சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கருப்பை இறங்கினால் நம் பெண்கள் "அடி இறங்கிருச்சு" என்கிறார்கள். அவர்கள் 'அடி' என்று சொல்லும் இடம் இதேதான். அடிவயிறு, அடித்தொண்டை, அடிநாக்கு என்று உடலுக்குப் பெயரிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அந்த வரிசையில் அடியிடுப்பு. அடியிடுப்புத் தசை, அடியிடுப்புப் பயிற்சி. இடமும் தெரிகிறது, சொல்லக் கூச்சமும் இல்லை.

நோயின் பெயரிலும் இதே கோளாறு. 'சிறுநீர் அடங்காமை' என்று அச்சில் வருகிறது. "அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்" என்று குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவளுக்கு அது நோயாகவா கேட்கும்? குற்றச்சாட்டாகக் கேட்கும். சிறுநீர்க் கசிவு போதும். இருமலில், தும்மலில், சிரிப்பில் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி ஒழுகுவதை, ஆங்கிலப் பெயரில் 'ஸ்ட்ரெஸ்' இருக்கிறதே என்று 'மன அழுத்தக் கசிவு' என்று எழுதியவர் மனதில் என்ன இருந்ததோ! அது அழுத்தக் கசிவு. முட்டிக்கொண்டு வந்து, முகப்பிலிருந்து வளவைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போவதற்குள் ஒழுகிவிடுவது அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்தும் வரும்.

ஆனால் உடம்பைக் கெடுக்கக்கூடிய பிழை 'அழுத்தவும்'தான். செயலியில் அழுத்துவது பொத்தானை. உடம்பில் அழுத்தச் சொன்னால் பெண் கீழ்நோக்கி முக்குவாள், அதாவது பயிற்சிக்கு நேர் எதிரானதைச் செய்வாள். நாளுக்கு மூன்று வேளை முக்கினால், தாங்க வேண்டிய தசை இன்னும் தொய்யும். எதிரில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் கண்டுபிடித்துத் திருத்துவார். கைப்பேசி நொடியை எண்ணும், அதிரும், நேரமானால் நினைவூட்டும். நீங்கள் தூக்குகிறீர்களா முக்குகிறீர்களா என்று அதற்குத் தெரியாது. அங்கே திருத்தும் கை சொல் மட்டும்தான்.

செயலிகளைக் குறை சொல்லவில்லை. ஸ்வீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தில் உருவான 'டேட்' செயலியை 123 பெண்களிடம் மூன்று மாதம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பயன்படுத்தியவர்களுக்குக் கசிவு குறைந்திருந்தது. டேட் என்றால் ஸ்வீடிஷ் மொழியில் இறுக்கமான, ஒழுகாத என்று பொருள். அவர்கள் வீட்டுச் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

தமிழில் கட்டளை இப்படி இருக்கலாம்: "முழங்காலை மடக்கிப் படுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல், கூடவே ஒண்ணுக்கை அடக்குவதுபோல், அடியிடுப்பை உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள். மூன்று நொடி நிறுத்துங்கள். முழுதாகத் தளர்த்துங்கள்." இங்கே 'ஓய்வெடுங்கள்' என்று எழுதினால் எழுந்து போய்விடுவார்கள், தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. ஒரு வேளைக்கு எட்டுத் தடவையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பழகப் பழக மூன்று நொடியைப் பத்து வரை நீட்டலாம். பிட்டமும் தொடையும் இறுகினாலோ மூச்சு நின்றாலோ தவறான தசை வேலை செய்கிறது. தும்மல் வருகிறதென்று தெரிந்ததும் முன்கூட்டியே தூக்கிக்கொள்வது தனியாகப் பழக வேண்டிய உத்தி.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்துவதைப் பயிற்சி என்று எழுதும் செயலிகளை நம்ப வேண்டாம். தசை எதுவென்று கண்டுகொள்ள ஒருமுறை செய்து பார்க்கலாம்; வழக்கமாக்கினால் பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், அடியில் ஏதோ கட்டியாகத் தட்டுப்படுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் செயலியை மூடிவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் "அடி இறங்குறாப்புல இருக்கு" என்றே சொல்லலாம்; அவருக்குப் புரியும்.