கணவர் இறந்தபின் வீடு யாருக்கு? சீடா உடன்படிக்கை சொல்வது என்ன

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றுக்கொண்டது. 1981 செப்டம்பர் 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'சீடா' (CEDAW) என்பார்கள். 189 நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கா 1980-லேயே கையெழுத்துப் போட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக இன்றுவரை முறைப்படி ஏற்புறுதி செய்யவில்லை.

மகளிர் தினத்தன்று மட்டும் பேசிவிட்டு விடுகிற ஆவணமாக இது ஆகிவிட்டது. ஆனால் ஏழைக் குடும்பத்துப் பெண்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன். நாள் முழுக்க உழைப்பவள் அவள். நிலப் பத்திரத்தில் பெயர் வேறொருவருடையது, கடன் வாங்கவும் வேறொருவர் கையெழுத்து வேண்டும் என்றால் அவள் வறுமையிலிருந்து எப்படி மீளுவாள்?

அதற்கான பதில் 13 முதல் 16 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. வங்கிக் கடன், அடமானக் கடன் எல்லாம் ஆணுக்குக் கிடைப்பதுபோலவே பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. 14-ஆம் பிரிவு முழுக்கக் கிராமப்புறப் பெண்களுக்கானது. விவசாயக் கடன், விளைபொருளை விற்க வசதி, நிலச் சீர்திருத்தத்தில் சம பங்கு, சுயஉதவிக் குழுவும் கூட்டுறவும் அமைக்கும் உரிமை, குடிநீர், மின்சாரம், போக்குவரத்து என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வீட்டு நிலத்தில் கூலியில்லாமல் பாடுபடுவதும் உழைப்புத்தான் என்பதையும் இந்தப் பிரிவு ஒப்புக்கொள்கிறது.

15-ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் போடவும் சொத்தை நிர்வகிக்கவும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான உரிமை உண்டு. 16-ஆம் பிரிவு திருமணத்துக்குள் சொத்துரிமையைச் சமமாக்குகிறது. குழந்தைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்கிறது. பல நாடுகள் 'இது மட்டும் எங்களுக்குப் பொருந்தாது' என்று விலக்குக் கேட்டிருப்பது இந்த 16-ஆம் பிரிவுக்குத்தான். உங்கள் நாடு அப்படி ஏதாவது எழுதிக்கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பள்ளியைப் பாதியில் விட்ட சிறுமிகளுக்குத் தனித் திட்டம் வேண்டும் என்பது 10-ஆம் பிரிவு. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்கத் தடை ஆகியவை 11-ஆம் பிரிவு.

சரி, இதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடுகிறதா? தான்சானியாவில் இரண்டு விதவைகளைக் கணவர் வீட்டார் குழந்தைகளோடு வெளியேற்றினார்கள். விதவைக்கு வாரிசுரிமை இல்லை என்ற வழக்காற்றுச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. அந்தச் சட்டம் பாகுபாடானது என்று 2006-இல் உயர் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது, ஆனாலும் அதை ரத்து செய்யவில்லை. மேல்முறையீடு, ஓர் ஆவணத்தில் தேதி தவறு என்ற காரணத்துக்காகத் தள்ளுபடியானது. அப்புறம் அவர்கள், நாடுகள் உடன்படிக்கையைப் பின்பற்றுகின்றனவா என்று கண்காணிக்கும் சீடா குழுவிடம் போனார்கள். உடன்படிக்கையைத் தான்சானியா மீறியிருக்கிறது, உரிய இழப்பீடு தர வேண்டும், சட்டத்தையும் திருத்த வேண்டும் என்று 2015-இல் குழு சொன்னது. குழுவுக்குக் காவல்துறை கிடையாது. அதன் முடிவை நிறைவேற்ற வேண்டியது அரசுதான். ஆனாலும் அந்த முடிவு இன்று உலகில் எந்த விதவையும் தன் வழக்கில் எடுத்துக்காட்டக்கூடிய ஒன்று.

இப்படி நேரடியாக முறையிடும் வழியைத் திறந்தது 2000 டிசம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள 'விருப்ப நெறிமுறை' என்ற கூடுதல் உடன்படிக்கை. உங்கள் நாடு அதில் தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். 110-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழியையும் முயன்று பார்த்திருக்க வேண்டும். வழக்கு நியாயமில்லாமல் இழுத்தடிக்கப்பட்டால் விதிவிலக்கு உண்டு. மனு எழுத்தில் இருக்க வேண்டும், பெயர் போடாத மனுவை ஏற்கமாட்டார்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை.

உங்கள் நாடு நெறிமுறையில் சேரவில்லை என்றாலும் இன்னொரு வழி இருக்கிறது. சீடாவில் சேர்ந்த ஒவ்வொரு அரசும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது 23 நிபுணர்கள் கொண்ட அந்தக் குழுவிடம் அறிக்கை தர வேண்டும். அப்போது பெண்கள் அமைப்புகளும், அரசின் அறிக்கைக்கு இணையாகத் தங்கள் தரப்பைச் சொல்லும் 'நிழல் அறிக்கை' அனுப்பலாம். எத்தனை பெண்களின் கடன் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது, எத்தனை பட்டாவில் பெண் பெயர் இல்லை என்று சின்னச் சங்கம் ஒன்று திரட்டிய கணக்கையும் வைத்துக் குழு அரசிடம் கேள்வி கேட்கலாம்.