கிலோமீட்டரை வகுத்துப் பயண நேரம் போடாதீர்கள்

டிக்கெட் கேட்டு எங்களிடம் வருபவர்களில் பலர், சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியில் ஏறக்குறைய 13,900 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். மகன் வீட்டுக்குப் போகும் அப்பா அம்மாவின் மாத்திரை, சாப்பாடு, அங்கே அழைக்க யார் வருவது என எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானமே கிடையாது. டெல்லி, துபாய், சிங்கப்பூர் என்று எங்காவது மாறித்தான் ஆகவேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் இருபது மணி நேரத்துக்குள் போய்ச் சேர்வது அரிது.

நேரடி விமானம் இருக்கும் ஊர்களிலும் தூரம் மட்டுமே நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசுகிறது. அதனால்தான் சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரத்தைவிடத் திரும்பி வர ஆகும் நேரம் குறைவு. ஏர் இந்தியா 2016 அக்டோபரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியே அனுப்பியது. ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடுதல் தூரம். ஆனாலும் காற்றோடு பறந்ததால் பதினான்கரை மணி நேரத்தில் போய்விட்டது, பழைய வழியைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் குறைவு!

வான்வெளி மூடப்பட்டால் இதற்கு நேர்மாறு. 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டபின், ஒன்பதரை மணி நேரம் போல எடுத்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து அமெரிக்கா போன சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. ஆக, போன வருடம் யாரோ போய்வந்த நேரத்தையும் நம்ப வேண்டாம்; உங்கள் தேதிக்கு உள்ள அட்டவணையைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. கொஞ்சம் பணம் மிச்சம் என்று சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லியிலிருந்து அமெரிக்காவுக்குத் தனியாக இன்னொரு டிக்கெட் எடுக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதைத் தவறவிட்டதற்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்காது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் நடு இரவில் பெட்டிகளோடு நிற்பார்கள். தயவுசெய்து முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கும்படி எடுங்கள். பொதுவாக அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிக்க வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேர இடைவெளி பெரியவர்களுக்குப் போதாது; மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

அப்புறம் மருந்து. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கலிஃபோர்னியா நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னே, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இன்சுலின் போடுபவர்கள் மொத்தப் பயண நேரத்தை மருத்துவரிடம் காட்டி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.