பீட்டா குளுக்கான்: பெயரும் பொருளும்

மீன் தீவனக் கடைகளில் விற்கும் துணைத் தீவனப் பைகளில் 'பீட்டா குளுக்கான்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். காளானிலிருந்து எடுத்தது என்றும் சிலவற்றில் போட்டிருக்கும். பண்ணைக்காரர்கள் பலர் இதை ஏதோ ஒரு மருந்தின் பெயர் என்றே நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் இது ஒருவகைக் கூட்டுச் சர்க்கரையின் பெயர்.

'குளுக்கோஸ்' என்ற பெயரை 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் வைத்தார்கள். புதிய திராட்சை மதுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் அதற்கு வேர். ஒரே சர்க்கரை பல நூறாகக் கோத்துச் சங்கிலியானால், பெயரின் கடைசியில் வரும் 'ஓஸ்' போய் 'ஆன்' வந்துவிடும். மன்னோஸ் கோத்தால் மன்னான், சைலோஸ் கோத்தால் சைலான், குளுக்கோஸ் கோத்தால் குளுக்கான். சரி, பீட்டா எதற்கு? கிரேக்க மொழியின் இரண்டாம் எழுத்தான அது, கண்ணிகள் எந்தப் பக்கம் திரும்பி இணைந்திருக்கின்றன என்பதைச் சொல்கிறது. ஆல்ஃபா பக்கம் இணைந்தால் அரிசியின் மாவுச்சத்து, சாப்பிட்டால் செரிக்கும். பீட்டா பக்கம் இணைந்தால் பருத்தி நூலில் உள்ள செல்லுலோஸ், நமக்குச் செரிக்காது. இரண்டிலும் இருப்பது அதே குளுக்கோஸ்தான்.

காளானின் செல்சுவரில் உள்ளதும் பீட்டா வகைதான். ஆனால் அதில் ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன் அடுத்ததன் மூன்றாம் கார்பனோடு சேர்கிறது. அங்கங்கே ஆறாம் கார்பனிலிருந்து கிளை பிரிகிறது. பையில் '1,3/1,6' என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.

மீனின் உடலில் இந்தப் பொருள் கிடையாது. அதனால் உள்ளே வந்ததும் பூஞ்சை நுழைந்துவிட்டது என்று, கிருமிகளை விழுங்கி அழிக்கும் விழுங்கு செல்கள் எடுத்துக்கொள்கின்றன. நமக்கு எலும்பு மஜ்ஜையில் நடக்கும் இரத்த அணு உற்பத்தி, மீனுக்குத் தலையை ஒட்டிய முன்பகுதிச் சிறுநீரகத்தில் நடக்கிறது. இந்த விழுங்கு செல்களும் அங்கே நிறைய இருக்கின்றன. அவை விழித்துக்கொண்டால் கிருமிகளை விழுங்கும் வேகம் கூடும், பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி இரத்தத்தில் ஏறும்.

ஜப்பானில் ஷிட்டாக்கே காளானின் லென்டினான், வேறொரு காளானின் ஷைசோஃபில்லான் என்ற இரு பீட்டா குளுக்கான்களையும் கெண்டைக்கு ஊசியாகப் போட்டு, பிறகு எட்வர்ட்சியெல்லா கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். மீன்களின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. 1989இல் வெளியான ஆய்வு அது. ஊசியில் கிடைத்த பலன் தீவனத்திலும் அப்படியே கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் தீவன வழியையும் சோதித்தார்கள். காளான் அறுவடைக்குப் பின் மிஞ்சும் படுக்கைக் கழிவை ஜிலேபிக் கெண்டைக்குக் கொடுத்ததில் வளர்ச்சியும் எதிர்ப்புத் திறனும் கூடின. தூக்கிப் போடும் கழிவுக்கு இப்படி ஒரு பயன் கிடைத்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? சேர்மத்தின் பெயரை மாற்ற வேண்டாம். பீட்டா குளுக்கான் என்றே எழுதலாம். விளக்கும்போது பள்ளிப் பாடத்தில் வரும் 'கூட்டுச் சர்க்கரை' போதும். ஓர் எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 'குளுக்ககான்' என்பது கணையத்தில் சுரக்கும் ஹார்மோன், முற்றிலும் வேறு. ஆனால் இதன் வேலையைக் குறிக்கும் 'இம்யூனோஸ்டிமுலன்ட்' என்ற சொல்லைத் தமிழாக்கியே தீர வேண்டும். வினையூக்கி நமக்குப் பழகிய சொல். அதே வழியில் 'நோயெதிர்ப்பூக்கி' என்றால் உடனே புரியும். சிலர் எழுதுவதுபோல 'நோய் எதிர்ப்பு மருந்து' என்று போட்டால் ஆன்டிபயாட்டிக் என்று புரிந்துகொண்டு, நோய் வந்த பிறகு அள்ளிப் போடுவார்கள். இது கிருமியைக் கொல்லாது. நோய் வருவதற்கு முன் கொடுக்க வேண்டியது. அளவு மீறி நாள்கணக்கில் கொடுத்தால் பலன் குறையவும் கூடும் என்பதால் இடைவெளி விட்டுக் கொடுப்பது வழக்கம்.

அப்புறம், பீட்டா குளுக்கான் என்றாலே காளான் என்று அர்த்தமில்லை. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது. ஓட்ஸிலும் பார்லியிலும்கூட வேறு இணைப்பில் உண்டு. பை வாங்கும்போது எதிலிருந்து எடுத்தது, எத்தனை சதவீதம் என்று இரண்டையும் கேளுங்கள்.