செய்தி இல்லை என்று சொன்ன நாளில்

1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. அன்று மாலை பிபிசி வானொலியில் செய்தி நேரம் வந்ததும் அறிவிப்பாளர், "செய்தி எதுவும் இல்லை" என்று சொன்னார். மீதி நேரத்துக்குப் பியானோ இசை போட்டார்கள்.

அதே நாள் இரவு 10 மணி வாக்கில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங் நகரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த புரட்சியாளர் சூர்யா சென் தலைமையில் திரண்ட இளைஞர்கள் போலீஸ் ஆயுதக் கிடங்கையும் துணைப்படையின் ஆயுதக் கிடங்கையும் தாக்கினார்கள். தொலைபேசி, தந்தி நிலையத்தையும் அழித்தார்கள். சிட்டகாங்கில் இரவு 10 மணி என்றால் லண்டனில் இன்னும் பொழுதே சாயவில்லை. வானொலியில் பியானோ ஒலித்தபோது தாக்குதல் நடந்து சில மணி நேரம் ஆகியிருந்தது.

இணையக் கலைக்களஞ்சியத்தில் நாள் பக்கங்களைத் திருத்துகிற எனக்கு இந்த ஏப்ரல் 18 அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, பிப்ரவரி 29ஐயும் சேர்த்து 366 பக்கங்கள். ஒவ்வொன்றிலும் நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள்கள் என்று பகுதிகள். உலகத்தின் அத்தனை ஏப்ரல் 18களையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். எதை உள்ளே விடுவது?

முக்கியமானதை எடு, மற்றதை விடு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் முக்கியத்துவத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே ஒரு சல்லடை வேலை செய்துவிடுகிறது. அந்த நிகழ்வுக்கு ஒரு தேதி இருக்கிறதா என்பதுதான் அது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். ராஜராஜ சோழன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்கிறது. நாளையே எண்ணிச் சொல்லிவிட்டார்களே, இதைவிடத் துல்லியம் என்ன வேண்டும்? ஆனால் அந்த எண்ணிக்கை எந்த நாளில் தொடங்கியது என்று தெரிந்தால்தான் தேதி கிடைக்கும். அவன் அரசேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்பது கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞரின் கணக்கு. அதை வைத்து எண்ணினால் 275ஆம் நாள் 1010 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் எங்கோ விழுகிறது. ஒரு மாத இடைவெளி! எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மாதத்தோடு கிழமையும் நட்சத்திரமும் கொடுத்திருக்கும் கல்வெட்டுகள் இந்த விஷயத்தில் நமக்கு வரம். நிலவு ஒரு சுற்று வர 27 நாளுக்குச் சற்று அதிகமாகும். ஆகவே ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டுமுறை வரும். அந்த நாளில் குறிப்பிட்ட கிழமையும் சேர்ந்து வர ஏழில் ஒரு வாய்ப்புதான். ஆட்சியாண்டு நாலைந்து வருடம் முன்பின்னாகச் சந்தேகத்தில் இருந்தால்கூட, பெரும்பாலான வருடங்களில் கிழமை பொருந்தாமல் அவை கழன்றுவிடும். அப்புறம் திதி வந்து மிச்சச் சந்தேகத்தையும் தீர்க்கும். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை பல நூற்றாண்டுகளுக்கான பஞ்சாங்க அட்டவணைகளைக் கணித்து 1922இல் வெளியிட்டது, இந்தக் கணக்கைக் கல்வெட்டு படிக்கிறவர்கள் எல்லோருடைய கைக்கும் கொண்டுவந்தது.

தேதி கிடைத்தாலும் அது எந்த நாட்காட்டியின் தேதி என்ற கேள்வி உண்டு. கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். கலிலியோ இறந்தது இத்தாலியில், புதிய கிரெகொரியன் கணக்கில், 1642 ஜனவரி 8. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் கணக்கில் இருந்தது, அதன்படி நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். இருவரையும் ஒரே கணக்கில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. கிறிஸ்துமஸ் குழந்தை என்ற பெயரும் போகிறது, கலிலியோவோடு சேர்த்துச் சொல்லும் கதையும் போகிறது. நான் இதை ஜனவரி 4இல் எழுதி, பழைய கணக்கில் டிசம்பர் 25 என்று பக்கத்திலேயே குறிப்புப் போடுவேன். ஒரே ஆள் இரண்டு பக்கத்தில் பிறக்கக் கூடாது.

1941 டிசம்பரில் நடந்தது இதைவிட விசித்திரம். ஹவாய்த் தீவில் அமெரிக்கக் கடற்படைமீது ஜப்பான் நடத்திய பேர்ல் துறைமுகத் தாக்குதல் டிசம்பர் 7 பக்கத்தில் இருக்கும். மலாயாவின் (இன்றைய மலேசியா) கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது டிசம்பர் 8 பக்கத்தில் இருக்கும். இரண்டையும் படிக்கிறவர் பேர்ல் துறைமுகம்தான் முதலில் என்று நினைப்பார். உண்மையில் கோத்தா பாரு அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது. பசிபிக் கடலில் நாள் மாறும் இடமான சர்வதேசத் தேதிக் கோடு இடையில் ஓடுவதால் முன்னால் நடந்தது பின் பக்கத்துக்குப் போய்விட்டது. அந்தந்த ஊரின் தேதியைப் போடுவதுதான் வழக்கம், அது சரியும்கூட. ஆனால் டிசம்பர் 8 வரியில் நேரத்தையும் சேர்த்து எழுதாவிட்டால், மலாயாப் போர் பேர்ல் துறைமுகத்தின் பின்விளைவு மாதிரித் தெரியும்.

சரி, தேதி உறுதியாகிவிட்டது. இனிதான் எடை போடுவது.

2010இல் வில்லியம் டன்ஸ்டால் பீடோ என்ற பிரிட்டிஷ் கணினி நிபுணர் 30 கோடித் தகவல்களைக் கணினியில் போட்டு, 1900க்குப் பிறகு வந்ததிலேயே சுவாரசியம் இல்லாத நாள் 1954 ஏப்ரல் 11 என்று கண்டுபிடித்தார். பெல்ஜியத்தில் ஒரு தேர்தல் நடந்தது, பெரிதாக வேறொன்றும் இல்லை. அந்தக் கணினி எண்ணியது நடந்தவற்றை அல்ல, எழுதிவைக்கப்பட்டவற்றை. பிபிசிக்கு 1930இல் இருந்த அதே குறைதான்.

அன்றைக்கு எழுந்த சத்தத்தை வைத்தும் எடை போட முடியாது. 1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரண்டு நாள்களில், இன்று செக் நாட்டில் இருக்கும் புர்னோ நகரில் மெண்டல் என்ற துறவி, பெற்றோரின் குணங்கள் வாரிசுகளுக்குப் போகும் விதிகளைச் சொல்லும் தன் பட்டாணிச் செடி ஆய்வை வாசித்தார். பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. 1900இல் தாவரவியலாளர்கள் அதே விதிகளைத் தாங்களாகக் கண்டடைந்து, பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்த நாள்களுக்கு மதிப்பு வந்தது. 35 வருடம் கழித்து! போன வாரம் நடந்ததை நாள் பக்கத்தில் சேர்க்க யாராவது அவசரப்படும்போது நான் மெண்டலைத்தான் சொல்வேன். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

நாள் பக்கங்களில் விமான விபத்துகள் ஏன் குவிகின்றன என்பதும் இப்போது புரியும். நிமிடம் வரை நேரம் உண்டு, பலி எண்ணிக்கை உண்டு, விசாரணை அறிக்கை உண்டு. எழுதுவது சுலபம். எனக்கு இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று பார்ப்பேன். 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 'டேக் ஆஃப்' என்ற சொல்லை ஓடுபாதையில் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற நடைமுறை வந்தது. இன்று நாம் ஏறும் விமானத்திலும் அந்த நடைமுறை இருக்கிறது. இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது பஞ்சங்கள். டைட்டானிக்கில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர், அதற்கு 1912 ஏப்ரல் 15 என்று ஒரு நாள் இருக்கிறது. சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் வாட்டிய 1876-78 பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். அதற்கு ஒரு நாளும் இல்லை. பட்டினி ஒரு தேதியில் தொடங்குவதில்லை. கிணறு வற்றுகிறது, விலை ஏறுகிறது, மாட்டை விற்கிறார்கள், ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் நிலைமை இன்னும் மோசம். பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று வகுத்திருந்த பஞ்சச் சட்டவிதிகளின்படி 'இது பஞ்சம்' என்று அரசு அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் அந்தத் தேதியாவது மிஞ்சியிருக்கும்.

இதற்கு நான் கண்ட வழி, அந்த நீண்ட துயரம் ஒரு நாளைத் தொட்ட இடத்தைத் தேடுவது. 1943 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவின் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ், ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸின் முடிவில், தெருவில் பட்டினியால் சாகும் மனிதர்களின் படங்களை அச்சிட்டது. மறைக்கப்பட்டது கண்ணுக்குத் தெரிந்த நாள் அது. ஆகவே ஆகஸ்ட் 22 பக்கத்தில் இப்படி எழுதுவேன்:

1943 – 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்த வங்கப் பஞ்சத்தின் படங்களைக் கல்கத்தாவின் தி ஸ்டேட்ஸ்மன் வெளியிட்டது.