மைசீலியம்: தமிழில் பூஞ்சை இழைவலை

மைசீலியத்தைக் 'காளானின் வேர்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. வைக்கோலுக்குள் வெள்ளையாகப் படர்வதுதான் பூஞ்சையின் உடலே. குடை விரித்து வெளியே வரும் காளான், வித்து பரப்ப அது விடும் உறுப்பு.

கிரேக்கத்தில் 'மைக்கேஸ்' காளான், 'ஹீலோஸ்' ஆணி அல்லது மரு. இரண்டையும் சேர்த்து அறிவியலாளர்கள் உருவாக்கிய சொல் இது. இதன் தனி இழைக்குப் பெயர் 'ஹைஃபா'. அதற்குக் கிரேக்கத்தில் நெசவு என்று பொருள். நம் 'இழை' அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே ஹைஃபாவைப் பூஞ்சை இழை என்றும், இழைகள் கிளைத்துப் பின்னிய மைசீலியத்தைப் பூஞ்சை இழைவலை என்றும் சொல்லலாம். வெறும் 'பூசணம்' போதாது. சென்னை ஈரத்தில் ஊறுகாயில் பூப்பதும் பூசணம்தானே!

இந்த வலை தனியாக வளர்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பட்டன் காளானின் இழைவலை ஆக்டெனால் என்ற ஆவிப்பொருளை வெளிவிடுகிறது. அதுவே காளான் மொட்டு வருவதைத் தடுக்கிறது. காளான் படுக்கையின் மேல்மண்ணில் வாழும் சூடோமோனாஸ் பூட்டிடா என்ற பாக்டீரியா அதைக் குறைக்கிறது, அப்புறம்தான் மொட்டு. அதே பேரினத்தின் சூடோமோனாஸ் டோலாசி என்ற பாக்டீரியாவோ காளானில் பழுப்புப் புள்ளி நோயை உண்டாக்கும். ரைசோபஸ் பூஞ்சை ஒன்றில் பாக்டீரியா இழைக்குள்ளேயே குடியிருக்கிறது. அதை நீக்கினால் பூஞ்சையால் வித்தே உண்டாக்க முடியாது. 2000களில் வெளிவந்த கண்டுபிடிப்பு இது.

இழைவலையால் பொருள் செய்வோரின் தேவை வேறு. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வேளாண் கழிவிலும் காகிதக் கழிவிலும் இழைவலை வளர்த்து, தெர்மாகோலுக்கு மாற்றான பொதிபொருள் செய்திருக்கிறார்கள். இங்கே மொட்டு வேண்டாம், இழை அடர்ந்தால் போதும். பொருளின் உறுதி, இழைச் சுவரிலுள்ள கைட்டின் என்ற உறுதியான பொருளையும் பின்னலின் நெருக்கத்தையும் பொறுத்தது. வேண்டாத பாக்டீரியா முந்திக்கொண்டு உணவைத் தின்றுவிட்டால் அந்த இடத்தில் இழை படராது, பலகை பொடிந்துபோகும். அதனால்தான் வைக்கோலை முதலில் வெந்நீரிலோ நீராவியிலோ பதப்படுத்துகிறார்கள். வளர்ந்து முடிந்ததும் சூடேற்றி உலர்த்தி, பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள்.

இழைவலையை வளர்த்துத் தோல் போன்ற பொருளும் செய்கிறார்கள். அதைக் 'காளான் தோல்' என்கிறார்கள். பெரும்பாலும் அதில் காளானே இருக்காது. இழைவலைத் தோல் என்றால் சரியாக இருக்கும். இழைவலைப் பலகை, இழைவலைப் பொதி என்றும் தடையில்லாமல் எழுதலாம்.