தாழ்ப்பாள் மாட்டவில்லையா? எண்ணெய் பாட்டிலைக் கீழே வையுங்கள்

சோழவந்தானில் சித்தப்பாவுக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. வாசலில் இரண்டு கல்தூண், நடுவில் நாலடி அகலத்தில் ஒரு மரக்கேட். போன வருஷம் முழுக்க, அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஒரே வேலைதான்: கேட்டின் இரும்புத் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது. விட்ட அன்றைக்கு நன்றாக ஓடும். பத்து நாளில் பழைய கதை. முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் கம்பி தூணில் இருக்கும் பட்டையின் துளைக்குள் போகும்.

பம்ப்செட் ரூம் கதவுக்காக வந்த ஆசாரியிடம் இதையும் காட்டினோம். அவர் எண்ணெய் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, சுண்ணாம்பை விரல்நுனியில் தொட்டுத் தாழ்ப்பாள் முனையில் பூசினார். கேட்டைச் சாத்தினார், கம்பியைத் தள்ளினார், திறந்து காட்டினார். தூணின் இரும்புப் பட்டையில், துளைக்குக் கீழே, நகக்கீறல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பிறை.

"பாத்தீங்களா தம்பி, ஓட்டை மேல இருக்கு, கம்பி கீழ வந்து முட்டுது. இதுக்கு எண்ணெய ஊத்தி என்ன பண்ண?"

கேட்டின் நுனியைப் பிடித்து லேசாகத் தூக்கினார். கம்பி தானாக உள்ளே போனது.

கல்தூண் அசையாது. அசைந்தது கேட். இருபது கிலோ எடையுள்ள கேட் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை முழுவதும் கேட்டின் நடுவில், அதாவது தூணிலிருந்து இரண்டடி தள்ளி, கீழ்நோக்கி இழுக்கிறது. அதனால் கேட் தூணை விட்டு முன்பக்கமாகச் சாயப் பார்க்கிறது. சாயவிடாமல் பிடித்து வைத்திருப்பது மேல் கீல். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே இரண்டடிதான் என்றால், மேல் கீலின் திருகாணிகள் இருபத்து நாலு மணி நேரமும் இருபது கிலோ விசையால் பக்கவாட்டில் இழுபடுகின்றன. கீழ்க் கீல் அதே விசையோடு தூணை அழுத்திக்கொண்டிருக்கிறது. கேட்டின் நுனியில் இருபத்தைந்து கிலோ பையன் ஒருவன் தொற்றி ஊஞ்சலாடினால் கூடுதலாக ஐம்பது கிலோ, ஏனென்றால் அவன் தொங்குவது நாலடி தள்ளி. நானும் அந்தக் காலத்தில் அந்தக் கேட்டில் தொங்கியவன்தான், சித்தப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். மேல் கீலின் திருகாணி மரத்திலிருந்து வெறும் 2 மில்லிமீட்டர் பிதுங்கி வந்தால், நாலடி தள்ளி இருக்கும் தாழ்ப்பாள் முனை 4 மில்லிமீட்டர் இறங்கிவிடும். கீலில் கண்ணுக்கே தெரியாத தளர்வு, தாழ்ப்பாளில் இரட்டிப்பாகத் தெரியும். வலி இங்கே, வியாதி அங்கே.

எங்கள் கேட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. சட்டத்துக்குள் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கட்டை அடிப்பார்கள் அல்லவா, அது கீழ்க் கீலில் தொடங்கித் தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் தொங்கும் மூலையின் பாரத்தைக் கட்டை கீழ்க் கீலுக்கு முட்டுக் கொடுத்து அனுப்பும். முட்டுத் தாங்குவதில் மரம் கெட்டி. எங்கள் கேட்டில் அதை எதிர்த்திசையில் அடித்து வைத்திருந்தார்கள். அந்தத் திசையில் கட்டை இழுபடுகிறது, இழுப்பைத் தாங்குவதோ இரண்டு முனையிலும் இருக்கும் நாலைந்து ஆணிகள். அவை மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன.

திருகாணி ஏன் தளர்கிறது என்பதற்கு மதுரை வட்டாரத்து வெயிலும் மழையுமே காரணம் சொல்லும். மரத்தை ஒரு கட்டு வைக்கோலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் குடித்தால் ஒவ்வொரு குழலின் சுவரும் தடிக்கும், நீளம் மட்டும் அநேகமாக மாறாது. அதனால் பலகை அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் காய்ந்து 8 சதவீத ஈரத்தோடு இருக்கும் பலகை, ஐப்பசி மழையில் 16 சதவீதத்துக்குப் போனால், 15 சென்டிமீட்டர் அகலப் பலகை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலமாகும். இடைவெளியே விடாமல் எட்டுப் பலகையை நெருக்கி அடித்திருந்தால் மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர். அவ்வளவு தூரம் போக வழியில்லாமல் கேட் தூணில் உரசும், அல்லது வயிறு தள்ளும். பழைய ஆசாரிகள் பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து விடுவது காற்றுக்காக மட்டும் இல்லை. இப்படி வருஷா வருஷம் உப்பிச் சுருங்கும்போது, திருகாணியைப் பிடித்திருக்கும் நார்கள் நசுங்கி நசுங்கிப் பிடியை விட்டுவிடுகின்றன.

அதே துளையில் அதே திருகாணியை முறுக்கிப் பிரயோஜனம் இல்லை. ஆசாரி அதைக் கழற்றி, மூங்கில் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் செருகித் தட்டினார், காய்ந்ததும் துருத்தியதைச் சீவினார், புது மரத்தில் அடிப்பதுபோல் திருகாணியை இறக்கினார். மேல் கீலுக்கு மட்டும், மரத்தை ஊடுருவிப் பின்பக்கம் நட்டுப் போடும் போல்ட் ஒன்று. அதற்கு மரநாரின் பிடி தேவையில்லை.

சரி, இப்போது எண்ணெய்க்கு வரலாம். கேட் நேரானபிறகும் கம்பி கரகரவென்றுதான் ஓடியது. கழற்றிப் பார்த்தால், கம்பி ஓடும் வளையங்களுக்குள் கறுப்பாக, களிம்புபோல ஒரு வண்டல். ஒரு வருஷம் நான் விட்ட எண்ணெயும், வண்டிப்பாதைத் தூசியும், துருவும் சேர்ந்து ஊறியது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், தாழ்ப்பாள் இரும்பைவிடக் கடினம். மெக்கானிக் ஷெட்டில் வால்வு தேய்க்க ஒரு பசை வைத்திருப்பார்கள், அதுவும் எண்ணெயில் குழைத்த கடினமான தூள்தான். ஆக, வழவழப்புக்கு என்று நினைத்து நான் அரைக்கும் பசை தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துருவுக்கு வேறொரு குணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். கம்பிக்கும் வளையத்துக்கும் நடுவே இருப்பது அரை மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு பக்கமும் உப்பினால் அது காணாமல் போகும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தால் விட்டுவிடும். கடையில் விற்கும் டபிள்யூ டி 40 ஸ்பிரேயும் நல்லதுதான். 1953-ல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பு துருப்பிடிக்காமல் இருக்க நீரை விலக்கும் திரவம் தேடினார்கள், நாற்பதாவது முயற்சியில் அமைந்ததால் பெயரில் 40. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான். இளக்கும், ஈரத்தைத் துரத்தும். அதை அடித்துவிட்டு, மசகு போட்டாகிவிட்டது என்று திரும்பி வரக்கூடாது.

மசகு எப்படி வேலை செய்கிறது? வேகமாகச் சுழலும் மோட்டாரில் சுழற்சியே எண்ணெயை இழுத்து வந்து, இரும்பு இரும்பைத் தொடாதபடி நடுவில் ஒரு படலம் கட்டிவிடும். மழை ரோட்டில் வேகமாகப் போகிற டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குமே, அந்த மாதிரி. தாழ்ப்பாளோ ஆடி அசைந்து போகிற ஆள். அந்த வேகத்தில் படலம் கட்டாது, எண்ணெய் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். மிஞ்சுவது, இரும்பை விடாமல் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் மட்டும். ஒரு முனை இரும்பில், மறுமுனை வெளியே, வரப்புக் கோரைபோல நெருக்கமாக நிற்கும். அந்தக் கோரைமேல்தான் கம்பி வழுக்குகிறது.

இந்த வேலையில் விளக்கெண்ணெய்க்கு ஈடு சமையல்கட்டில் வேறில்லை. அதன் கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு ரிசினோலியிக் அமிலம். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கூடுதல் கை அதற்கு உண்டு. அந்தக் கை உலோகத்தையும் பற்றும், பக்கத்து மூலக்கூறையும் பற்றும். அதனால்தான் அவ்வளவு கெட்டி. மாட்டுவண்டி அச்சுக்கு நம் ஊரில் இதைப் போட்டார்கள், முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களிலும் இதைத்தான் ஊற்றினார்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாகும். வாணலியின் வெளிப்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதே சமாச்சாரம். தேங்காய் எண்ணெய் அவ்வளவு பிசினாகாது, ஆனால் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் என் முழங்கால் பட்ட பாட்டில் அதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

அதற்காக விளக்கெண்ணெயைத் தாழ்ப்பாள் முழுக்கப் பூசிவிடவும் கூடாது, தூசியை வா வா என்று கூப்பிடும். பாரம் தாங்கும் கீல் ஊசிக்கு இரண்டு சொட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுவது. வெளியே தெரியும்படி ஓடும் கம்பிக்குக் காய்ந்த மசகுதான் சரி. மெழுகுவர்த்தியைக் கம்பிமேல் நாலு முறை தேய்த்தால் போதும், மண் ஒட்டாது. நேர் வெயிலில் இரும்பு கொதிக்கிற இடத்தில் மெழுகு இளகிப் போகும், மாதம் ஒருமுறை திரும்பத் தேய்க்க வேண்டும். பூட்டுத் துளைக்கு மட்டும் பென்சில் கரி. அந்தக் கரிதான் கிராஃபைட், அதன் அடுக்குகள் சீட்டுக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று நழுவும். வேடிக்கை என்னவென்றால், அப்படி நழுவக் காற்றில் கொஞ்சம் ஈரம் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் உயரே பறந்த விமானங்களின் மின்கருவிகளில், சுழலும் பாகத்தோடு உரசி மின்சாரம் கடத்தும் கிராஃபைட் கரித்தண்டுகள் மளமளவென்று தேய்ந்து போனதற்கு அங்கே ஈரம் இல்லாததுதான் காரணம்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆசாரி தூணிலிருந்த பட்டையைக் கழற்றச் சொன்னார். வட்டமாக இருந்த துளையின் கீழ்விளிம்பை அரத்தால் ராவி, நீள்வட்டமாக்கினார்.

"இப்பத்தான் நேராயிடுச்சே, எதுக்கண்ணே?"

"கேட்டு இன்னும் எறங்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு, இரும்புத்தூளை வாயால் ஊதினார்.